தூக்கிய கைகள்

ஆனால் கை ஏன் எழும்பியது, யார் அதை எழும்பச் சொன்னது, நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது எல்லாம்... மேசையில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது, அப்பாதுரை வெண்ணெய்க் கத்தியைப் பிடித்திருந்த தன் வலது கையை யாரோ அயலான் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி என்ன தூக்கம், மெத்தை என்றால் அதுவல்லவா மெத்தை, படுத்ததும் ஆளை உள்ளே வாங்கிக்கொண்டது. கோலாரில் தங்கம் கிளம்பிய புதிதில் சுரங்கத்துத் துரைமார்கள் ரயிலேறி வந்து இளைப்பாறுவதற்கென்றே பெங்களூர் கண்டோன்மென்டில் கட்டிய ஓட்டலாம் இது, பெட்டியைத் தூக்கி வந்த ஆள் தானே கட்டினமாதிரி பெருமையாகச் சொன்னான். அதைக் கேட்டதும் அப்பாதுரைக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கூச்சமும் போய்விட்டது. துரை புரண்ட மெத்தைதான், இருக்கட்டும், பாறையை உடைத்தது யார், என் அப்பன், அப்புறம் நான், அப்படிப் பார்த்தால் இதிலே பாதிப் பஞ்சு எங்கள் வீட்டுப் பஞ்சு என்று கால்களை அகட்டிப் படுத்தவர், விடிந்து ஆள் வந்து கதவைத் தட்டும்வரை அசையவில்லை. அப்புறம் அந்தத் தொட்டி, ஒரு முழு ஆள் படுக்கிற தொட்டி, திருகினால் சுடுதண்ணீர்... அங்கே சுரங்கத்து லைன் வீட்டுக் குழாயடியில் பெண்டாட்டி வள்ளியம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஊர்ப்பட்ட கதை பேசித் திரும்பினாலும் குடம் வைத்த இடத்திலேயே இருக்கும். ஒரு முறை குளித்தார், துவட்டினார், யோசித்தார், மறுபடியும் தொட்டியில் இறங்கிவிட்டார். யார் கேட்கப் போகிறார்கள், சுரங்கம் இப்போது துரையுடையதா, சர்க்காருடையது, விசாரணைக்கு வருகிற அதிகாரியையும் தொழிற்சங்கத்து ஆளையும் ஒரே ஓட்டலில் தங்க வை என்று சர்க்காரே சொல்லிவிட்டது. காலம் மாறிவிட்டது என்று மேடை போட்டுச் சொன்னபோதெல்லாம் நம்பாதவர், தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தபோது நம்பினார்.

அந்த நம்பிக்கையோடுதான் சங்கத்துக் காரியதரிசி பெர்னார்ட் இரவல் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பீடி பிடிக்கலாமே என்று ராஜநடையாகக் கீழே இறங்கினார். வாசலில் காவலாள் அலெக்சாண்டர், தொம்மலூர்க்காரர், பட்டாளத்தில் இருந்தவர், தலைப்பாகையில் சரிகை பளபளக்க விருந்தாளியைக் கண்டதும் விறைத்து நின்று கையைத் தூக்கி சலாம் வைத்தார். அவ்வளவுதான். அப்பாதுரையின் இரண்டு கைகளும் மேலே போய்விட்டன, கால்கள் அகன்றன, வாய் திறந்துகொண்டது, நாக்குகூட மேலே மடிந்துவிட்டது. வாசலில் உடுப்புப் போட்ட ஒருவன் கையை அசைத்தால் அந்த உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மீசை முளைத்த நாளிலிருந்து, ஷிப்டு முடிந்து மேலே வரும்போதெல்லாம், சுரங்க வாசலில் ஆள் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடு, கையைத் தூக்கு, வாயைத் திற, பயல் தங்கத்தைத் தின்றுவிட்டானா பார், என்று அக்குளிலிருந்து அரைஞாண் கயிறு வரை இன்னொருவன் விரல் ஊர்கிறதே... அலெக்சாண்டர் பாவம், சலாம் வைத்த கையை இறக்கவும் தோன்றாமல் நின்றார். அது போதாதென்று பின்னால் படியில் கிருஷ்ணப்பா. சுரங்கத்தில் சோதனை போடுகிற பிரிவுக்கே மேலதிகாரி அவர்தான், இதே ஓட்டலில் மாடி அறை. "ஏன்ரீ அப்பாதுரை, இங்கயும் எதையாவது ஒளிச்சு வெச்சிட்டீங்களா" என்று கன்னடம் கலந்து கேட்டுச் சிரித்தார், வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள், அப்பாதுரையும் சிரித்தார். நீ ஏன் சிரித்தாய், ஏன் கூடச் சேர்ந்து சிரித்தாய், அதுதான் இப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவவிடாமல் கையையே பார்க்க வைக்கிறது.

இது முதல் தடவையா என்ன. கல்யாணத்தன்று மாமனார் பெருமாள்சாமி சந்தனம் பூச வந்தபோது மாப்பிள்ளை கைகளைத் தூக்கி நிற்கவில்லையா, பந்தலே கொல்லென்று சிரித்தது, மாமனாரும் சுரங்கத்து ஆள்தான், அவர் மட்டும் சிரிக்காமல் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். வள்ளியம்மா அதை மறக்கவே இல்லை. முந்தாநாள் இந்தக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள், "நீ இன்னா பேசுவியோ எனக்குத் தெரியாதுய்யா. இனிமே உம் மேல எவனும் கை வைக்கக் கூடாது. அத வாங்கிக்கினு வா." வாங்கிக்கொண்டு வா என்றால், கடையில் கொத்தமல்லியா... இன்றைக்கு விசாரணையில் முடிவாகப்போவது அது ஒன்றுதான், ஷிப்டு முடிந்து வருகிறவன் உடம்பைத் தடவுகிற சோதனை இனியும் வேண்டுமா வேண்டாமா, அதற்குத்தான் அத்தனை லைன் வீடுகளும் சேர்ந்து இவரை அனுப்பியிருக்கின்றன. பெர்னார்ட் சொல்லிக்கொடுத்த பேச்சு ரயிலில் வரும்போது தண்ணீராக ஓடியது, சுதந்திர நாட்டின் குடிமகனுடைய கண்ணியமானது... கண்ணியமானது... அப்புறம் என்ன. அந்தச் சிரிப்பில் எல்லாம் கொட்டிப் போய்விட்டது. கிருஷ்ணப்பா அதைச் சொல்லிக் காட்டினால் என்ன செய்வாய், இவன் ஓட்டல் வாசலிலேயே கையைத் தூக்குகிறவன், இவனுக்கு என்ன கண்ணியம் என்று கேட்டால்...

அதே ஓட்டலில், துரைமார்கள் ஜோடி ஜோடியாக ஆடின கூடத்தில்தான் விசாரணை. மல்லேஸ்வரத்து ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவரை சர்க்கார் நியமித்திருந்தது, அவர் எழுதுவதே முடிவு என்று ஏற்பாடு. கிருஷ்ணப்பா முதலில் எழுந்து அழகாகவே பேசினார், சோதனையில் பிடித்த தங்கத்தைப் பற்றி, தேசத்தின் சொத்தைப் பற்றி, சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, கோவிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவதுபோல, தொழிலாளிகள் யாருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை, பழகிப்போன விஷயம். பழகிப்போன... அப்பாதுரை நிமிர்ந்தார். என்ன சொன்னார் இவர், பழகிப்போனதா, அட மனுஷா, நான் தேடிக்கொண்டிருந்த பேச்சு உன் வாயிலா இருந்தது. காலையிலிருந்து எதை மறைக்கலாம் என்று தவித்தாரோ அதைத் தவிரப் பேசுவதற்கு வேறு எதுவுமே வேண்டியதில்லை என்று பட்டது, பட்டவுடன் ஒரு வேடிக்கையான சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது, பேச எழுந்தால் வருகிற சுரங்கத்து இருமல்கூட வரவில்லை, எழுந்து நின்றார்.

"ஐயா சொன்னது நெசங்க. எங்களுக்குப் பழகிப்போச்சு. அதாங்க எங்க புகாரே." ஜட்ஜ் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்பாதுரை எல்லாவற்றையும் சொன்னார், சந்தனம் பூச வந்த மாமனாரை, அலெக்சாண்டரின் சலாமை, அகன்ற கால்களை, மடிந்த நாக்கை, தானும் சேர்ந்து சிரித்ததை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல வெட்கம் ஒவ்வொன்றாக இவரை விட்டு இறங்கி எதிர் நாற்காலிகளில் போய் உட்கார்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. "காலைல எனக்கு மரியாதை பண்ணாங்கய்யா. நான் திருடனாட்டம் நின்னேன். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம பண்ணிட்டாங்க." ஜட்ஜ் கிருஷ்ணப்பா பக்கம் திரும்பி, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் கிருஷ்ணப்பா, சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, பார்த்தேன் சார் என்றார். சிரித்தீர்களா என்று ஜட்ஜ் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டார், எழுதினதை வாசித்தும் காட்டினார், உடம்பைத் தொட்டுப் போடுகிற சோதனை இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது.

ஜெயித்துவிட்டோம், வள்ளியம்மா, வாங்கியாச்சு, கொத்தமல்லி வாங்குகிறமாதிரி வாங்கியாச்சு... கூடத்திலிருந்து வாசல்வரை விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் அப்பாதுரை நடந்தபோது தரையில் கால் பாவவில்லை, இந்நேரம் பெர்னார்டுக்குத் தந்தி போயிருக்கும், லைன் வீடுகளில் யார் முதலில் கத்துவான், பக்கத்து வீட்டுக் கோவிந்தன்தான், தாரை தப்பட்டை இல்லாமல் ஸ்டேஷனுக்கு வரமாட்டான் அவன், அப்பன் மட்டும் உயிரோடு இருந்திருந்தால்... நெஞ்சை நிமிர்த்தினார், இரவல் கோட்டு தைத்துக்கொண்ட கோட்டாகப் பொருந்தியது. வாசலில் அலெக்சாண்டர். சேதி அவருக்கும் எட்டியிருக்க வேண்டும், காலையில் நடந்ததை நினைத்தோ என்னவோ, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார், தூக்குங்கள் ஐயா தூக்குங்கள் என்று அப்பாதுரை மனசுக்குள் சொன்னார், அலெக்சாண்டர் குதிகாலைச் சேர்த்து ஒரு பட்டாளத்துக்கே வைக்கிறமாதிரி முழு சலாம் வைத்தார். இவருக்கும் கை எழும்பியது. எழும்பட்டும், இனி அது யாரைக் கேட்டு எழும்புகிறது பார்ப்போம் என்று பாதி வழியில் வலது கையை மடித்து நெற்றிக்குக் கொண்டுபோய் பதில் சலாம் வைத்துவிட்டார், ஜோரான சலாம், அலெக்சாண்டர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார், வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். சர்க்கார் உத்தரவு போட்டுச் சோதனைக்காரன் கையை நிறுத்திவிட்டது, என் கைக்கு உத்தரவு நானே போட வேண்டியதுதான், ஒன்றுக்குப் போட்டாயிற்று, என்று வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிய பிறகுதான் கவனித்தார், இடது கை இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்தது.