சத்தம் மறைந்த இடம்

அப்பா இறந்த பிறகு, சுகுணா யாருக்கு பிரஷர் பார்த்தாலும் காதுக்குள் அவர் குரல் கேட்டது: "போதும்டி, கை நோவுது."

கோவில்பட்டியில் ஒரு சின்ன கிளினிக்கில் அவள் நர்ஸ். அப்பா கொம்பையா பசுவந்தனையில் பருத்தி போட்டவர். டவுனுக்கு வரும்போதெல்லாம் அவளிடம் கையை நீட்டுவார். பட்டை இறுகினால் முகம் சுளிப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், பாதரசம் நூற்றறுபதைத் தொட்டதும் அவள் பம்பை அழுத்துவதை நிறுத்திவிடுவாள். காற்றை இறக்கும்போது நூற்று முப்பதில் துடிப்பு கேட்கத் தொடங்கும், எண்பதில் அடங்கும். "நல்லா இருக்குப்பா" என்பாள்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில், விதைப்பு நேரத்தில், அவர் புஞ்சையிலேயே விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நூற்று முப்பதில் அது எப்படி வெடிக்கும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த தை மாதம் ஒரு சாயங்காலம் அண்ணன் முத்துசெல்வம் வந்தான். லாரி டிரைவர். நாக்பூருக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றி, வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தான். டாக்டர் இன்னும் வரவில்லை.

"தலை கனமா இருக்கு. ஒரு மாத்திரை குடு, கெளம்புதேன்."

"பிரஷர் பாத்துட்டுப் போ."

"வீட்டுல ஒம் மதினி ஏத்துதது பத்தாதுன்னு நீ வேற ஏத்தணுமாக்கும்?"

சிரித்தபடி கையை நீட்டினான். அவள் பம்பை அழுத்தினாள். நூற்றறுபதில் அவன் முகம் சுளித்தான். அப்பாவின் அதே சுளிப்பு.

"போதும்டி, கை நோவுது."

அவள் நிறுத்த நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தன. பாதரசம் இருநூற்று இருபதைத் தாண்டியது.

மெல்ல இறக்கினாள். இருநூற்றுப் பத்தில் ஒரு துடிப்பு. இன்னொன்று. நூற்றெண்பதில் எல்லாம் நின்றது. பாதரசம் மட்டும் ஓசையில்லாமல் இறங்கியது. காற்று செத்த மத்தியானப் புஞ்சை மாதிரி இருந்தது அந்த இடம். அதன் நடுவில் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நூற்று முப்பதில் துடிப்பு திரும்பியது.

பயிற்சியில் ஒருமுறை சொன்னார்கள்: ரத்தக்குழாய் விறைத்துப்போன சிலருக்குச் சத்தம் நடுவில் மறைந்து மறுபடி வரும். போதுமான உயரத்துக்கு ஏற்றாவிட்டால், திரும்பி வரும் சத்தத்தையே முதல் சத்தம் என்று நம்பிவிடுவோம்.

"அண்ணே, நீ போகாத."

"ஏட்டி, லோடு நிக்குது. மொதலாளி என்னைய உப்புக்கண்டம் போட்டுருவாரு."

ஸ்டெதஸ்கோப்பை அவன் காதில் மாட்டினாள். பட்டையைத் தளர்த்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஏற்றி இறக்கினாள்.

"கேக்குது. டொக்கு டொக்குன்னு... ஏட்டி, நின்னு போச்சே?"

"பொறு."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "திரும்ப வருது. நடுவுல எங்கன போச்சு?"

"எங்கயும் போகல. ரத்தம் ஓடிக்கிட்டுதான் இருக்கு, நமக்குத்தான் கேக்கல. அப்பாவுக்கு நான் அந்தச் சத்தம் மறைஞ்ச எடத்துக்குக் கீழ மட்டுந்தான் கேட்டிருக்கேன் போலண்ணே."

அவன் எழுந்து வெளியே போனான். கிளீனரிடம் சாவியைக் கொடுத்தான். "மாடக்கண்ணு, மொதலாளிட்ட வேற டிரைவரை அனுப்பச் சொல்லு."

இருவரும் ஆட்டோவில் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவன் கேட்டான்.

"அப்பாவுக்கு மேல எம்புட்டு இருந்திருக்கும்?"

சுகுணா அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அப்பாவின் கையில் அந்த உயரத்துக்கு அவள் ஒருநாளும் பாதரசத்தை ஏற்றியதில்லை.