பூச்சியம் போடாத இடம்

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க என்னைப் போன்ற அம்மா இருக்கவே கூடாது. ஆனால் தவணைப் பரீட்சையில் மகள் தனுஷியா கணக்கில் கோட்டைவிட்டாள். புலமைப்பரிசில் பரீட்சையும் நெருங்குகிறது. வெள்ளவத்தை பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் இப்போது நான்தான் அவளோடு மல்லுக்கட்டுகிறேன். முன்பு சொல்லிக் கொடுத்தவன் அவள் அண்ணன் கிஷாந்த். போன வருடம் டெங்கு அவனைக் கொண்டுபோய்விட்டது.

அவன் உட்காரும் கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தேன். வீட்டில் அவன் பேரை எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். எடுத்தால் நான் உடைந்துபோவேன். ஆனால் கடலோர ரயில் போகும்போதெல்லாம் அந்தக் கதிரை கிறீச்சிடும், அவன் பின்னுக்குச் சாய்ந்து ஆடுவது போலவே. சுவர்தான் அதிர்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

அன்று பின்னேரமும் அதே பிழை. அறுநூற்றுப் பதினெட்டுத் தோடம்பழத்தை ஆறு பெட்டிக்குப் பிரித்தால், பெட்டிக்குப் பதின்மூன்றாம்!

"பதின்மூண்டை ஆறால பெருக்கு. எழுபத்தெட்டுத்தானே வருது? மற்றத் தோடம்பழமெல்லாம் எங்கயடி? பேய் திண்டதோ?"

ரயில் போனது. கதிரை கிறீச்சிட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தனுஷியா அவசரமாக அழிறப்பரை எடுத்தாள். பாவம், என் வாய்க்குப் பயந்து அழிக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு சுட்டது. கையைப் பிடித்தேன்.

"அழிக்காத பிள்ளை. நான் கத்தமாட்டன். எப்படிச் செய்தனி எண்டு சொல்லு, பாப்பம்."

"ஆறுக்குள்ள ஆறு ஒருக்கா. பிறகு ஒண்டு. ஒண்டுக்குள்ள ஆறு போகாது. எட்டையும் இறக்கினா பதினெட்டு. அதுக்குள்ள மூண்டுதரம்."

"ஒண்டுக்குள்ள போகாட்டி என்ன போடவேணும்?"

அவள் சுவரோரக் கதிரையைப் பார்த்தாள்.

"தெரியாதோ?"

"தெரியும், பூச்சியம். அந்த இடம் வந்தாத்தான் அண்ணாட குரல் கேக்குது, அம்மா. 'ஒண்டும் இல்லாட்டியும் இடத்தை விடாத. பூச்சியம் போட்டுப் பிடிச்சு வை' எண்டு. பூச்சியம் போட்டா அது என்ர வாயில வந்திடும், நீங்கள் அழுவீங்கள். அதான் அந்த இடத்தைப் பாக்காமலே பாய்ஞ்சிடுவன்."

கடவுளே! மண்டைக்குள் களிமண்ணா என்று எத்தனை நாள் ஏசியிருப்பேன். என் கண்ணீருக்குப் பயந்தல்லவா பிள்ளை பிழை விட்டிருக்கிறாள்.

எழுந்துபோய்க் கதிரையை இழுத்துவந்து மேசையோடு போட்டேன்.

"கிஷாந்த் சொன்னது சரி," என்றேன். நான் போட்ட தடையை நானே மீறினேன். "பிழை அப்படியே கிடக்கட்டும். பக்கத்தில திருப்பிச் செய்."

ஒன்று எழுதினாள். பென்சில் நின்றது. தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு பூச்சியம் போட்டாள். மூன்று. நூற்று மூன்று.

அடுத்த ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, தேத்தண்ணிக் கோப்பை கிலுகிலுத்தது. சுவரை விட்டு வந்த கதிரை மட்டும் சத்தமே போடவில்லை.

ஒருக்காக் கிறீச்சிடு, மகனே என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.