தாப்பா வெயிலில் ஒரு பேரம்

குளிர்ந்த மலையூரான திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த நீலாவதி, எதையும் சொன்ன விலைக்கு வாங்கியவள் அல்ல. 1986இல் அவளிடம் வசமாக மாட்டியவன் அதே மலையில் ரிங்லெட் ஊரில் ரேடியோ கடை வைத்திருந்த நாகரத்தினம்.

அவளுடைய பழைய பெட்ரோல் லோரிக்கு, இஞ்சினில் எந்த நொடியில் பொறி தட்டவேண்டும் என்று சொல்லும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தான். உள்ளே பொருத்த இரண்டு சிப்புகளை எடுத்து வைத்தான். ஒரே கறுப்பு, ஒரே இருபது கால்.

"ரெண்டுலயும் ஒரே புரோகிராம்தான்க்கா எழுதுவேன். இது சாதாரணம், எழுபது டிகிரி வரைக்கும் தாங்கும். இது வண்டிக்குன்னே செஞ்சது. கீழ மைனஸ் நாப்பது, மேல நூத்திருபத்தஞ்சு. வெலை மூணு மடங்கு."

"மைனஸ் நாப்பதா? பனிக்கரடிக்கா பூ விக்கப்போறேன்? அந்தக் குளிரக் கழிச்சிட்டு வெலை சொல்லு லா."

"குளிர மட்டும் வெட்டித் தர முடியாதுக்கா."

"அப்போ சாதாரணமே போதும்."

சும்மா வாங்கவில்லை, கம்போங் ராஜா வரை ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினாள். தேயிலைச் சரிவுகளின் மூடுபனியில் லோரி துள்ளிக்கொண்டு ஓடியது.

வெள்ளிக்கிழமை மலையடிவாரத்துத் தாப்பா அம்மன் கோவிலுக்குச் செவ்வந்தி ஏற்றினாள். பூசை பதினோரு மணிக்கு. மலையிறங்கி வெயிலில் நுழைந்ததும் லோரி இருமிவிட்டு நின்றது. டிரைவர் சுப்பன் பானட்டைத் தூக்கினான்.

"பெட்டி மேல தோசை சுடலாம்க்கா."

ஆறினால் ஓடியது, சூடேறினால் படுத்தது. போய்ச் சேர மணி ஒன்று. கோவில் செயலாளர் இராமையா வாடிய பூவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த வெள்ளி ஒரு வாய்ப்பு தரேன்மா. அதுவும் தவறுனா வேற ஆளப் பாத்துக்குவோம்."

அவள் தோட்டத்துப் பூவில் பாதி அந்தக் கோவிலுக்குத்தான்.

மறுநாள் காலை கடைக்கு வந்தவளைக் கண்டதும் நாகரத்தினம் சிரித்தான்.

"சிரிக்காத. அந்த இன்னொண்ண மாட்டு. மாட்டிட்டு லோரில ஏறு."

"நான் எதுக்குக்கா?"

"மலையில சோதிச்சு ஏமாந்தது போதும்."

தாப்பாவில் உச்சி வெயில். சுப்பனுக்கும் தனக்கும் நடுவில் அவனை உட்காரவைத்து, இஞ்சினை ஓடவிட்டு, ஜன்னல் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டாள். அரைமணி நேரம் இஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. நாகரத்தினத்தின் சட்டைதான் தொப்பலாகிவிட்டது.

"அதான் ஓடுதுல்லக்கா, எறங்கலாமா?"

"வெலைய பேசிட்டு எறங்கலாம்."

"மூணு மடங்குன்னு அன்னைக்கே சொன்னேனே!"

"அது குளிர்ல உக்காந்து சொன்ன வெலை. இப்போ சொல்லு."

நாகரத்தினம் மூச்சு வாங்கிக்கொண்டு ரெண்டு மடங்கு என்றான். அப்புறம் ஒன்றரை என்றான்.

நீலாவதி கண்ணாடியை இறக்கினாள். "கோயிலுக்கு விடு சுப்பா. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே பூ வந்துரும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்."