நார்மன் செத்த நாற்பதாம் பக்கம்

எங்கள் ஹாலோபெக் ஊருக்கும் சந்தை நகரத்துக்கும் நடுவே பேருந்து ஓட்டுகிற எனிட் கார்சைட், நான்கு வருடம் யாருக்கும் தெரியாமல் ஒரு துப்பறியும் நாவல் எழுதி முடித்தாள். அச்சாகி வந்த வாரத்திலேயே ஊர் முழுக்கப் படித்துவிட்டது. கதையில் முதலில் சாகிறவர் ஒரு தேவாலயப் பாடகர் குழுத் தலைவர். யாராவது சுருதி தப்பினால் பென்சிலால் மேசையைத் தட்டுகிறவர். நாற்பதாம் பக்கத்தில், நஞ்சு கலந்த ருபார்ப் ஜாமைத் தின்று கவிழ்ந்துவிடுகிறார்.

எங்கள் பாடகர் குழுத் தலைவர் நார்மன் தாக்ரேயைத் தெரிந்த எவருக்கும் அது யாரென்று விளக்க வேண்டியதில்லை. எனிட் இருபது வருடம் அவர் குழுவில் பாடி, அந்தப் பென்சிலிடம் அவதிப்பட்டவள்.

"அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று என்னிடம் புலம்பினாள். இரண்டு ஞாயிறு பாடவே வரவில்லை.

வியாழக்கிழமை காலை நார்மனே பேருந்தில் ஏறினார். கையில் அந்தப் புத்தகம். உள்ளே இருந்த பதினைந்து பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம்.

"எனிட், இது நான்தானே?"

அவள் வண்டியைக் கிளப்பாமல் எஞ்சினை அணைத்தாள். காதுவரை சிவந்துபோயிருந்தாள். "ஆமா, நார்மன். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு எதுக்கு? கொன்னது சரி. அதுக்காக நாப்பதாம் பக்கத்துலயே முடிச்சிடுறதா? ஒரு நூறு பக்கமாவது வாழ விட்டிருக்கக் கூடாதா? என் தங்கச்சி ஸ்காட்லாந்துலேருந்து போன் பண்ணி, நம்ம குடும்பத்துலயே முதல்ல உன்னைத்தான் புத்தகத்துல போட்டிருக்காங்கன்னு சந்தோஷத்துல அழுவுறா!"

பின்னாலிருந்து கசாப்புக்கடை டோரின் கத்தினாள்: "உங்களையாவது கொன்னா. கதையில என் மேல ஒரு சந்தேகம்கூட வரலையே! கடையில எத்தனை கத்தி வெச்சிருக்கேன்!"

சிரிப்பில் வண்டியே குலுங்கியது. எனிட் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சனிக்கிழமை மதியம் நூலகத்தில் வாசிப்புக் கூட்டம். தன் சாவைத் தானே வாசிப்பேன் என்று நார்மன் அடம்பிடித்தார். வாசித்து முடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, தரையில் விழுந்தார். அரை நிமிடமாக அசைவில்லை. எனிட் பதறி ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள்.

"தொடாத," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "போலீஸ் வர்ற வரைக்கும் பிணத்தை யாரும் தொடக் கூடாது."

கூரை அதிரக் கை தட்டினோம். நான் கிளம்பும்போது, அவர் கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டபடி, நாளைக்கு எத்தனை மணிக்குப் பாட வர வேண்டும் என்று எனிட் கேட்டுக்கொண்டிருந்தாள்.