இருபதாவது பிரசவம்

கணவன் சில்வெஸ்டர் விஷக்காய்ச்சலில் இறந்தபோது யூனிஸுக்கு இருபத்து மூன்று வயது. எட்டாம் வகுப்பு தேறியிருந்ததால், பெங்களூர் கன்டோன்மென்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பயிற்சிப் பெண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. நான்கு வயது டோரீனை மர்பி டவுனில் அக்காள் மௌரீனிடம் விட்டுவிட்டுப் போனாள்.

ஒன்றரை வருடப் பயிற்சி. அதற்குள் இருபது பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். 1938 மார்ச்சில், பரீட்சைக்கு இரண்டே நாள் இருக்கும்போது, யூனிஸ் பார்த்திருந்தது பத்தொன்பது.

அன்று காலை அல்சூரிலிருந்து ஆள் வந்தது. சேஷகிரி என்பவரின் மனைவி பாமாவுக்குத் தலைப்பிரசவம். யூனிஸும் மூத்த நர்ஸ் நோராவும் போனார்கள்.

"நீயே பாரு. இதோட உனக்கு இருபது ஆயிடும்" என்றாள் நோரா.

யூனிஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கீழே இருக்க வேண்டிய தலை, விலாவுக்கு அடியில் உருண்டையாகத் தட்டுப்பட்டது. மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. இப்படியிருந்தால் டாக்டரிடம் விட்டுவிட வேண்டும் என்பது விதி. விட்டால் அடுத்த பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம். போன ஞாயிற்றுக்கிழமை டோரீன் பெரியம்மாவை 'அம்மா' என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது.

"சிஸ்டர், தலை மேல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

நோராவும் தொட்டுப் பார்த்தாள். "ஆமா. கேஸ் உன் கையை விட்டுப் போகுதே, யூனிஸ்."

"தெரியும் சிஸ்டர். வலி ஜாஸ்தியாகறதுக்குள்ள ஜட்கா சொல்லிடலாம்."

வண்டியில் பாமா அவள் கையை விடவே இல்லை. "எனக்கு ஏதாவது ஆயிடுமோ?"

"நல்ல டாக்டர்கிட்டதான் போறோம். நானும் கூடவே இருப்பேன்."

மத்தியானம் குழந்தையின் கால்கள் முதலில் வந்தன, தலை கடைசியில். உடம்பு நீலம் பாரித்து, அழாமல் கிடந்தது. தாயைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா குழந்தையை யூனிஸிடம் நீட்டினார். அவள் வாயைச் சுத்தம் செய்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல ஒரு சிணுங்கல். அப்புறம் பலத்த அழுகை.

"இது நான் பார்த்த கேஸ்மா. உன் பேர்ல எழுத முடியாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா இனிமே கஷ்டமான பிரசவம் எது வந்தாலும் நீ என் பக்கத்துல நில்லு."

நின்றாள். மறுவாரமே இருபதாவது பிரசவம் சுலபமாக முடிந்தது. செப்டம்பரில் பரீட்சை எழுதியபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். தேறினாள். லிங்கராஜபுரத்தில் வேலையும், தங்க ஓர் அறையும் கிடைத்தன. முதல் வாரம் முழுக்க டோரீன் பெரியம்மாவைக் கேட்டு அழுதாள். இரண்டாவது வாரம் தானாகவே வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஒரு விடியற்காலையில் செங்கல் சூளைக்காரர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வலியில் இருந்தவள் யூனிஸின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பெரிய நர்ஸ் வரலியா?"

"நான்தாம்மா நர்ஸ்" என்றாள் யூனிஸ். வெந்நீர் கேட்டு வாங்கி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.