பெயர் வராத ஏலப் பட்டியல்

நூற்று எண்பத்தாறு ஏலக்காய் லாட்டுகளுக்கும் எண் வந்தது, எடை வந்தது, காயின் ரகம் வந்தது. விவசாயியின் பெயர் மட்டும் ஒன்றுக்கும் வரவில்லை. அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. பிழை என்று ஒரு வரி காட்டினாலாவது பிடித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை.

பழனிசெட்டிபட்டியில் ஜாஸ்பரின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் ஞானசெல்விக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு வாராவாரம் பட்டியல் தயாரிப்பது அவள் பொறுப்பு. லாட்டு விவரம் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். அதைப் பட்டியலாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் அவள் எழுதியது. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. போன வாரம்தான் ஏலக் கம்பெனிக்காரர்கள் பெயர்களை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து அனுப்பினார்கள். லாட்டில் இப்போது விவசாயியின் எண்தான் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தேடித் தர 'கீ' என்று ஒரு வசதி உண்டு. அதைத்தான் எழுதியிருந்தாள். அது எதையும் தேடித் தரவில்லை.

"நாலு மணிக்குப் பிரஸ்சுக்குப் போகணும்," என்றார் ஜாஸ்பர். "இல்லைன்னா மதுரக் கம்பெனிக்கு வேலையக் குடுத்துருவாக. அப்புறம் உனக்கு இங்கன என்ன வேலை?"

"ஃபைலப் பிரிச்சது அவுக. திட்டு எனக்கா சார்?"

"வெள்ளையா அடிச்சது யாரு?"

கூடலூரிலிருந்து விசாரிக்கவே பஸ் ஏறி வந்திருந்த விவசாயி கோட்டைச்சாமி மேசையில் தட்டினார். "போன வாரம் கையால அடிக்கிறேன்னு எங் காய எங்கூரு அம்மாவாசி பேருல போட்டுட்ட. அவன் காயி புகை நாறும். வியாபாரிக பேரப் பாத்துத்தான், ஆத்தா, சாம்பிள் தட்டுல கையே வைக்கிறாக. இந்த வாரம் பேரே இல்ல. எங்கப்பன் எனக்குப் பேரு வைக்காமலா விட்டாரு?"

மறுபடி கையால் அடிப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஒருவேளை எண்களே தப்போ? ஏலக் கம்பெனியின் போடி குடோனுக்குப் போன் போட்டாள். குடோனைப் பார்த்துக்கொள்ளும் சுயம்புலிங்கம் எடுத்தார்.

"அண்ணே, இருநூத்திப் பதினாலாம் நம்பரு விவசாயி பேரு என்ன?"

"எனக்கென்ன தெரியும்? நான் நிக்கிறது குடோனு. இங்கன லாட்டு நோட்டுதான் கெடக்கு. பேரு நோட்டு கூடலூர் ஆபீசுல இருக்கு. வேணும்னா அங்கன போயிப் பாரு. இங்கன நின்னுக்கிட்டுத் தேடுனா வருமா?"

போனை வைத்துவிட்டார். அவரைத் திட்ட வாய் திறந்தவள் அப்படியே நின்றாள்.

ஸ்டைல்ஷீட்டும் எந்த நேரமும் ஏதோ ஓரிடத்தில்தான் நிற்கிறது. லாட்டு ஒவ்வொன்றாகப் போகும்போது அது நிற்பது லாட்டுக் கோப்பில். கீ, தான் நிற்கும் கோப்புக்குள் மட்டுமே தேடும். பெயர் அங்கே கிடையாது. கிடைக்காததைப் பிழை என்று அது சொல்லாது. வெறுமையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

'ஃபார்-ஈச்' என்ற கட்டளை போட்டால் நிற்கும் இடம் மாறும். பெயர்க் கோப்பைத் திறந்து, அதற்குள் ஒரு ஃபார்-ஈச் போட்டாள். ஓட்டினாள்.

வெள்ளை.

"கூடலூருக்கே போயாச்சு, இன்னும் என்ன கேடு," என்று கீபோர்டைத் தள்ளினாள்.

"கூடலூர்ல போயி என்னத்தக் கேட்ட?" என்றார் கோட்டைச்சாமி. ஊர் பெயர் கேட்டதும் அவருக்குக் காது நீண்டது.

"நம்பரச் சொல்லித்தான் பேரக் கேட்டேன்."

"எந்த நம்பரு?"

எந்த எண்? எண் இருப்பது லாட்டில். அவள் லாட்டை விட்டு இறங்கிப் போய்விட்டாள். புது இடத்தில் நின்று எண்ணைக் கேட்டால் எங்கிருந்து வரும்? கீபோர்டை இழுத்து ஒரு வரி சேர்த்து, இன்னொன்றைத் திருத்தி ஓட்டினாள்.

பெயர்கள் வந்தன. நூற்று எண்பத்தாறும். கோட்டைச்சாமி திரையில் தன் பெயரை விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். மணி மூன்றே முக்கால்.

"ஏலக் கம்பெனிக்காரக கேட்டா நான் சொல்லணும்ல," என்றார் ஜாஸ்பர், குரலை இறக்கி. "என்ன பண்ணுன?"

ஞானசெல்வி திரும்பவில்லை. கோபம் இன்னும் தாடையில்தான் இருந்தது.

"லாட்டுல நிக்கும்போதே நம்பர ஒரு வேரியபிள்ல எடுத்துக்கிறணும். அப்புறம் ஃபார்-ஈச் போட்டுப் பேரு ஃபைலுக்குள்ள போகணும். அங்கன நின்னுக்கிட்டு, அந்த வேரியபிளக் குடுத்துக் கீயக் கூப்பிடணும்."