லிஃப்ட்டுக்கு ஒரு சிம்

ஆறு மாடி, இருபத்துநான்கு வீடுகள், ஒரே ஒரு லிஃப்ட். அந்த லிஃப்ட்டுக்குள் ஆபத்துக்குப் பேசவென்று சுவரில் பதித்த ஒரு தொலைபேசி இருந்தது. லேண்ட்லைன் கம்பெனி அந்தப் பக்கத்து இணைப்புகளை எல்லாம் நிறுத்தியபோது அதுவும் ஊமையாகிவிட்டது. அரசு லிஃப்ட் ஆய்வாளர் வந்து அதைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் அது தெரியாது. லிஃப்ட்டுக்குள் இருப்பவர் வெளியே பேச முப்பது நாளைக்குள் வழி செய்யாவிட்டால் சீல் வைப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

அந்தக் காகிதம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கையில் வந்து விழுந்தது. அவள் தரைத்தளத்தில் பல்செட் செய்கிற பட்டறை வைத்திருந்தாள். காலையிலிருந்து மாலைவரை யாரோ ஒருவரின் தாடை அவள் மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கையெழுத்து நன்றாக இருக்கிறது, எப்போது வந்தாலும் ஆள் கீழேயே இருக்கிறாள் என்ற இரண்டே காரணங்களுக்காக அவளைச் செயலாளராகப் போட்டதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். அவள் கணவன் மூன்றாவதாக ஒன்று சொன்னான்.

"அடுத்தவன் வாயத் திறந்து வேல பாக்குறவ, உன் வாயத் திறக்கமாட்டேன்னு தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க."

அவள் பதில் சொல்லவில்லை. அதனால் அவன் சொன்னது உண்மையாகிவிட்டது.

முதலில் அவள் லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் பழைய போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது ரொம்ப சின்ன விஷயம். சிம் போடுற பெட்டி ஒண்ணு வருது. பட்டனை அமுக்கினா எனக்கும் உங்களுக்கும் ரிங் போகும். இருக்கறதுலயே சின்ன ப்ரீபெய்டு பிளான் போதும். வருஷத்துல ரெண்டு தடவ பேசினா ஜாஸ்தி."

"எந்தக் கம்பெனி சிம்முப்பா?"

"சிவப்புக் கம்பெனி. கதவு மூடிட்டா உள்ள அது ஒண்ணுதான் எடுக்குது. நீலம், மஞ்சள் எல்லாம் செத்துரும். நான் இந்த லிஃப்ட்டுக்குள்ளயே எத்தன நாள் உக்காந்திருக்கேன்! சந்தேகமா இருந்தா மூணு சிம்மையும் எடுத்துட்டு ஒரு தடவ மேல போய்ட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேல."

அந்த ஐந்து நிமிஷ வேலையைச் சங்கம் இருபத்தெட்டு நாட்களில் செய்யாமல் முடித்தது.

சங்கத் தலைவர் தேர்வுத்துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் மதிப்பெண் போட்டுப் போட்டு, மதிப்பெண் போடாத எதையும் நம்ப முடியாத நிலைக்கு வந்திருந்தார். குடிநீர் லாரிக்கு மார்க், தோட்டக்காரனுக்கு மார்க், படிக்கட்டு துடைக்கும் பெண்ணுக்கு மார்க். குடியிருப்பில் அவர் பெயரே மார்க் சார்தான். பொருளாளர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய மச்சான் நீலக் கம்பெனியின் சிம் விற்றுக்கொண்டிருந்தான். இதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் கூட்டத்தில் செயலாளர் மெக்கானிக் சொன்னதைச் சொன்னாள். மார்க் சார் கண்ணை மூடிக் கேட்டார்.

"அவர் கருத்தைப் பதிவு பண்ணிக்குங்கம்மா," என்றார். "ஆனா ஒண்ணு. ஸ்பேனர் பிடிக்கிறவர் சொன்னாருன்னு நாம கம்பெனி தேர்வு பண்ண முடியுமா? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?"

அவள் பதிவு செய்துகொண்டாள். 'உள்ளே சிவப்பு மட்டும் எடுக்கிறது — மெக்கானிக்' என்று குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதினாள். மார்க் சார் கீழே கையெழுத்துப் போட்டார்.

பிறகு பொருளாளர் எழுந்து, எதற்குச் சின்ன பிளான், அன்லிமிடெட்டாகவே போட்டுவிடலாமே, நீலத்தில் தினமும் நெட்டும் சும்மா கிடைக்கிறது என்றார்.

"லிஃப்ட்டுக்கு நெட் எதுக்கு சார்?" என்று கேட்டாள் செயலாளர்.

"மாட்டிக்கிட்டவங்களுக்குப் பொழுது போக வேணாமா மேடம்?"

மார்க் சாருக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. நமக்குத் தேவை குறைந்த உபயோகம். ஆனால் குறைந்த என்றால் எவ்வளவு குறைந்த? அதை முதலில் கணக்கிட வேண்டும் என்றார். அதற்காக ஒரு படிவம் தயார் செய்து வீட்டுக்கு ஒன்றாகக் கதவிடுக்கில் செருகச் சொன்னார். 'நீங்கள் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் தோராயமாக எத்தனை நிமிடம் பேசுவீர்கள்?' என்பது முதல் கேள்வி. இருபத்துநான்கில் பதினொன்று திரும்பி வந்தன. 'கூட யார் மாட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பேசமாட்டேன், அழுவேன்' என்று ஒருவர். இரண்டாம் மாடி வக்கீல் மட்டும் நாற்பத்தைந்து நிமிடம் என்று போட்டு, ஆலோசனைக் கட்டணம் தனி என்று அடைப்புக்குறியில் சேர்த்திருந்தார். மார்க் சார் எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, தலைக்கு ஆறரை நிமிடம் என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மூன்றாம் கூட்டத்துக்கு அவர் மார்க் பட்டியலோடு வந்தார். கட்டணத்துக்கு முப்பது, வேலிடிட்டிக்கு இருபத்தைந்து, ரீசார்ஜ் கடையின் தூரத்துக்குப் பதினைந்து, வாடிக்கையாளர் சேவையில் பேசுபவரின் பணிவுக்குப் பத்து, விளம்பரத் தாளின் தெளிவுக்குப் பத்து, கம்பெனியின் நற்பெயருக்குப் பத்து. பணிவை அளக்க அவரே மூன்று கம்பெனிகளுக்கும் போன் செய்திருந்தார். சிவப்பில் பேசிய பெண், "சார், லிஃப்ட் ஃபார்ம் நிரப்பாது, ஒரு மனுஷன் பேர் வேணும்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாளாம். பத்துக்கு நாலு. மஞ்சளில் பேசியவன் ஐயா ஐயா என்று குழைந்தானாம். பத்துக்கு எட்டு.

மொத்தத்தில் மஞ்சள் எண்பத்தொன்று, சிவப்பு எழுபத்திரண்டு, நீலம் எழுபது. பொருளாளர் முகம் சுருங்கிப்போயிற்று.

"சார், உள்ள டவர் எடுக்குதாங்கறதுக்கு மார்க்கே இல்லயே?" என்று செயலாளர் மெல்லக் கேட்டாள்.

"மஞ்சள் கம்பெனி டவர் மேப்பைப் பாருங்கம்மா. ஊர் முழுக்க மஞ்சளா இருக்கு. நம்ம லிஃப்ட் ஊருக்குள்ளதான இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பட்டறையில் மறுநாளைக்குள் முடிக்க வேண்டிய ஆறு செட் கிடந்தது. வாதாட ஆரம்பித்தால் இரவாகிவிடும். வந்ததை மென்று விழுங்கிவிட்டு, 'ஒருமனதாக' என்று எழுதினாள்.

மஞ்சள் சிம் பெட்டிக்குள் ஏறியது. திறப்பு விழாவுக்கு மார்க் சார் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தரைத்தளத்தில் கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். பத்தடி தள்ளி நின்ற செயலாளரின் போன் மணி அடித்தது.

"ஹலோ! நான் லிஃப்ட்ல இருந்து பேசறேன்!"

"தெரியுது சார்," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. கைதட்டல் எழுந்தது. மெக்கானிக் கைதட்டவில்லை. பையில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆய்வாளருக்குப் புகைப்படம் போயிற்று. அவரும் திருப்தி என்று எழுதிவிட்டார்.

ஏழு வாரம் கழித்து, ஒரு காலைப் பொழுது, பதினொரு மணி. ஆறாம் மாடிப் பல் டாக்டரிடம் காட்டுவதற்காகச் செயலாளர் ஒரு நோயாளியின் தாடை அச்சுகளை அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினாள். கையெல்லாம் அச்சு வார்க்கும் மாவு ஒட்டியிருந்ததால் போனை மேசையிலேயே விட்டிருந்தாள். நடைப்பயிற்சி முடிந்து செய்தித்தாளோடு வந்த மார்க் சார் கூடவே ஏறினார். நடக்கப் போகும்போது அவர் போன் எடுத்துப்போவதில்லை, சிந்தனை கெடுமாம். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. விசிறியும் நின்றது.

"பதறாதீங்கம்மா," என்றார் மார்க் சார், ஏறக்குறைய சந்தோஷமாக. "இதுக்குத்தான வெச்சிருக்கோம்."

பட்டனை அமுக்கினார். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி மினுக்.

"கொஞ்சம் மெதுவாத்தான் ரிங் போகும்."

கால் மணி நேரம் அது மெதுவாகவே இருந்தது. மார்க் சாரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"சார், அந்த மெக்கானிக் தம்பி முதல் நாளே சொன்னாரு."

"யார் வேணா எதை வேணா சொல்லலாம்மா. எழுத்துல குடுத்தாரா?"

"நான் எழுதியிருக்கேன். ரெண்டாம் பக்கம்."

"அதுக்குக் கீழ நான் கையெழுத்து போட்டிருக்கேனா?"

"போட்டிருக்கீங்க."

அவர் பட்டனை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். "படிக்காம போட்டிருப்பேன்," என்றார். பிறகு சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தது. நாற்பது வருஷம் பிள்ளைகளின் வயிற்றைக் கலக்கிய மனிதர், செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள காத்து எவ்வளவு நேரத்துக்கு இருக்கும்மா?" என்று கேட்டார்.

அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. செய்தித்தாளை வாங்கி மடித்து அவருக்கு விசிறினாள். "நிறைய இருக்கு சார், இடுக்கு வழியா வருது," என்றாள். கத்திப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கடைசியில் அட்டைப் பெட்டியைத் திறந்து கீழ்த்தாடை அச்சை எடுத்துக் கதவில் ஓங்கித் தட்ட ஆரம்பித்தாள்.

கட்டிடத்துக்கே அந்தச் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பொங்கினார்கள். பிற்பாடு அவள் எண்ணிப் பார்த்தபோது பதினாலு செய்திகள் இருந்தன. 'யார் வீட்டில் சுவர் உடைக்கிறார்கள்? அனுமதி வாங்கியாச்சா?' 'குழந்தை தூங்குகிறது.' 'செயலாளர் எங்கே போனார்? எதையுமே கண்டுகொள்வதில்லை.' அந்தக் கடைசிச் செய்திக்கு ஒன்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, சுவர் உடைப்பவருக்கு அபராதம் போட்டே தீருவது என்று பொருளாளர் கடையிலிருந்து வந்து படியேறினார். நாலாம் மாடியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார்.

"உள்ள யாரு?"

"நாங்கதான் சார்! நானும் தலைவரும்!"

"அடடா! ஏன் மேடம் கதவத் தட்டிட்டு இருக்கீங்க? போன்ல கூப்பிட வேண்டியதுதான?"

அப்போது அவள் சொன்ன பதில் கூட்டக் குறிப்பேட்டில் ஏறக்கூடியதல்ல. மார்க் சார் அதைக் கேட்காததுபோல மேலே பார்த்துக்கொண்டார்.

மெக்கானிக் வந்து மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்ட்டை இறக்கினான். தாடை உடைந்து பற்கள் தரையெல்லாம் சிதறியிருந்தன. அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

அந்த வாரமே அவசரக் கூட்டம். மார்க் சார் குளித்து, தேறி, பழையபடி ஆகியிருந்தார். தவறு நடந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன் என்று கம்பீரமாக ஆரம்பித்தார். பட்டியலில் ஒரு குறை இருந்ததாம். ஆகவே பணிவுக்கான பத்திலிருந்து ஐந்தைக் குறைத்து, 'லிஃப்ட்டுக்குள் சிக்னல்' என்பதற்கு ஐந்து மார்க் ஒதுக்கியிருக்கிறார். சிவப்புக்கு ஐந்துக்கு ஐந்து. மஞ்சளுக்குப் பூஜ்யம்.

"இப்ப மொத்தம் பாருங்க. சிவப்பு எழுபத்தஞ்சு. மஞ்சள் எழுபத்தேழு." நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "அப்பவும் மஞ்சள்தான் முதல். நம்ம தேர்வு சரியாத்தான் இருந்திருக்கு."

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டாள். கூட்டம் கலைந்ததும் தெருமுனைக் கடைக்குப் போய்த் தன் பெயரில் சிவப்புக் கம்பெனியின் ஆகச் சின்ன ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கினாள். மறுநாள் மெக்கானிக் எண்ணெய் போட வந்தபோது அதை அவனிடம் நீட்டினாள்.

"தம்பி, அன்னிக்கே நான் கத்தியிருக்கணும்."

"விடுங்கக்கா," என்றான் அவன். பெட்டியைத் திறந்து சிம்மை மாற்றி, கதவை மூடிக்கொண்டு ஐந்தாம் மாடிவரை போய் அவளோடு பேசிவிட்டுத் திரும்பினான். நாலு நிமிஷம் ஆனது. மஞ்சள் சிம் அவள் மேசை இழுப்பறைக்குள், மெழுகுக் கட்டிகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து மார்க் சார் மறுபடி மாட்டிக்கொண்டார், இம்முறை தனியாக. அவள் போன் அடித்தது.

"செயலாளரா? நான் லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன். மஞ்சள் பேசுதும்மா! நல்லா பேசுது!"

"அப்படியா சார்," என்றாள்.

பத்து நிமிஷத்தில் மெக்கானிக் அவரை இறக்கிவிட்டான். மார்க் சார் நேரே வீட்டுக்குப் போய் மஞ்சள் கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் பாராட்டுக் கடிதம் எழுதினார். இன்ன தேதி, இன்ன நேரம், இத்தனை நிமிடம் தெளிவாகப் பேசினேன், தங்கள் சேவை வாழ்க.

பதில் வர ஆறு வாரம் ஆனது. அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். 'அன்புள்ள வாடிக்கையாளரே, தாங்கள் குறிப்பிட்ட எண்ணிலிருந்து கடந்த தொண்ணூறு நாட்களாக எந்த அழைப்பும் செய்யப்படவில்லை. எனவே அந்த எண் துண்டிக்கப்படுகிறது.'

அவள் கையிலிருந்த கடைவாய்ப்பல்லைக் கீழே வைத்தாள். இத்தோடு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"சார், அது வந்து…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எனக்கே புரிஞ்சுபோச்சு." அவர் கடிதத்தை மேசையில் அறைந்தார். "நான் பேசியிருக்கேன். நீங்க கேட்டிருக்கீங்க. அதைக்கூடக் கணக்குல ஏத்தத் தெரியாத கம்பெனி! இவங்களுக்கு நற்பெயருக்கு ஒம்பது மார்க் போட்டிருந்தேன். பூஜ்யம் போடறேன். இப்ப அறுபத்தெட்டு. அப்ப யாரு முதல்ல வர்றாங்க?"

"சிவப்பு சார்."

"சிவப்பு! இதை யாராவது ஒருத்தர் முன்னாடியே எடுத்துச் சொல்லியிருக்கலாம்."

அடுத்த கூட்டத்தில் சிவப்பு ஒருமனதாகத் தேர்வானது. பொருளாளர் சங்கத்தின் செலவில் சிம் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். மெக்கானிக்கை வைத்து இன்றைக்கே போடச் சொல்லுங்கள் என்றார். அவள் அதை வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினாள். குறிப்பேட்டைத் திறந்து, 'பொருத்தப்பட்டது, நன்றாக வேலை செய்கிறது' என்று நல்ல கையெழுத்தில் எழுதி, மார்க் சாரிடம் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.